உவன் என்றால் எவன்

போன மாதம் மூன்று இளம் மத்தியஸ்தர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான உதைபந்தாட்ட மத்தியஸ்தர் வகுப்பில் நான் ‘பக்கச்சார்பு’ பற்றி அரை மணித்தியாலம் பேச வேண்டும் என்று கேட்டார்கள். இப்போது வெளிநாடுகளில் மத்தியஸ்தர் கோட்டுக்கு வெளியே ஓடிப்போய் வீடியோ பார்த்துவிட்டு வந்து தீர்ப்புச் சொல்கிறார். அதையும் கைத்தொலைபேசியில் காட்டினார்கள். ஒரே சம்பவத்தை நாலு பக்கத்தால் காட்டுகிறார்கள். நாலு பக்கத்தால் பார்த்தும் அந்த மூவரும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்லி என் விறாந்தையில் இருந்து பிடுங்குப்பட்டார்கள். ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறிப்போனது.

வருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பிறகுதான் யோசித்தேன், எதைப் பேசுவது என்று. தபாற் கந்தோரில் கடிதம் பிரித்ததுதான் எனக்குச் சம்பளம் தந்த வேலை. ஆனால் என் வேலை என்று நான் மனதில் வைத்திருந்தது பின்னேரங்களில் விசில் ஊதியதைத்தான். இரண்டிலிருந்தும் ஓய்வு பெற்றாயிற்று. பக்கச்சார்பு என்றால் இன்னதுதான் என்று நாலு பேருக்கு எடுத்துச் சொல்லும் அளவுக்கு எனக்கு அதில் தெளிவு இல்லை. நடந்த ஒன்றை எழுதிப் பார்த்தால் தெளியுமோ என்றுதான் இதை எழுதுகிறேன். முடிவில் நீங்களும் குழம்பினால் என்னைக் குறை சொல்ல வேண்டாம்.

எண்பத்து மூன்றின் தொடக்கத்தில் கொழும்பிலிருந்து ரயிலில் வந்த ஒரு பரீட்சகர் எங்கள் சிலரைச் சோதித்தார். சட்டப் புத்தகத்தைக் கேட்டார், மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார், போய்விட்டார். ஆடி மாதம் நாடு எரிந்தது. பெறுபேறு அடுத்த வருடம்தான் வந்து சேர்ந்தது. அதற்குள் நான் ஆட்டங்கள் ஊதத் தொடங்கிவிட்டேன். என் பயிற்சிக் காலம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் அரியரத்தினம் மாஸ்ரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது.

மாஸ்ரர்தான் அப்போது எங்கள் சங்கத்துக்குப் பொறுப்பு. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். கொக்குவிலில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் மதில் கட்டிய வளவு அவருடையது. ரயில் நின்றுபோய் வருடக்கணக்கான பிறகும் எங்களை ‘மெயில் போற நேரத்துக்கு வாரும்’ என்றுதான் கூப்பிடுவார். நாங்களும் பிந்தாமல் போய்விடுவோம். சத்தம் போட்டுப் பேச மாட்டார். ஒருவரையும் மெச்சவும் மாட்டார். எல்லோரையும் ‘நீர்’ என்பார். அவரிடம் இருந்தவை இரண்டு கேள்விகள்.

முதலாவது, ஆட்டத்துக்கு ஆளைப் போடும்போது கேட்பது. “அங்கை உமக்கு ஆரும் இருக்கினமோ?”

ஆரும் என்றால் அதற்குள் எல்லாம் அடங்கும். பிறந்த ஊர், பெண்ணெடுத்த ஊர், படித்த பள்ளிக்கூடம், கும்பிடுகிற கோயில். யாழ்ப்பாணத்தில் இந்தச் சல்லடையில் அரித்தால் மிஞ்சுகிறவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள். எங்களில் ஒருவருக்கு ஓர் ஊரில் சம்பந்தம் பேசுகிறார்கள் என்று காதில் விழுந்ததுமே அந்த ஊர் ஆட்டத்தை மாஸ்ரர் அவரிடமிருந்து எடுத்துவிட்டார். சீதனப் பேச்சில் சம்பந்தம் குழம்பிப் போனது. இனி அங்கே அவருக்கு ஒருவரும் இல்லை என்பது மாஸ்ரரின் கணக்கு. அடுத்த ஆட்டத்துக்கு அவரையே அனுப்பினார். அவர் போய் அந்த ஊர்ப் பொடியன்கள் மூன்று பேரை வெளியே அனுப்பிவிட்டு வந்தார். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். மாஸ்ரரின் கேள்வியில் ஓர் ஓட்டை இருக்கிறது என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

இரண்டாவது கேள்வி ஆட்டம் முடிந்த பிறகு வரும். எந்தத் தீர்ப்பைப் பற்றி முறைப்பாடு வந்தாலும், சரியா பிழையா என்று அவர் கேட்டதில்லை. “நீர் எங்கை நிண்டனீர்?” என்பார். நின்ற இடத்தைச் சொல்ல வேண்டும். பந்து எங்கே, ஆள் எங்கே, வெயில் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். நின்ற இடம் சரியென்றால் தீர்ப்புச் சரி. இடம் பிழையென்றால், நீர் சொன்ன தீர்ப்பு உண்மையாகவே இருந்தாலும் அது குருட்டுவாக்கு, கண்ணை மூடிக்கொண்டு எறிந்த கல் பட்ட மாதிரி, என்பார்.

முறைகளும் அவருக்கென்று சில இருந்தன. ஆட்டம் தொடங்கு முன் இரண்டு கோல் வலைகளையும் கையால் இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கோல் வலை என்றால் பழைய மீன்வலைதான். ஒருமுறை பந்து கண்ணறுந்த இடத்தால் புகுந்தது உள்ளேயிருந்தா வெளியேயிருந்தா என்று பெரிய சண்டை வந்துவிட்டது. அன்றிலிருந்து இந்த முறை. கொழும்புத்துறைப் பக்கம் நான் வலை பார்க்கும்போது கோட்டுக்கு வெளியே நிற்கிற, வள்ளமும் வலையும் சொந்தமாக வைத்திருக்கிற சம்மாட்டிமார், கந்தோர்க்காரர் வலை வாங்க வந்திருக்கிறார், நல்ல விலை சொல்லுங்கோ என்று பகிடி பண்ணுவார்கள்.

இன்னொரு முறை லைன்ஸ்மன்களுக்கு. லைன்ஸ்மன் எந்த வீரனையும் விரல் நீட்டிக் காட்டக் கூடாது. அது பொலிஸ்காரன் வேலை என்பார். மத்தியஸ்தர் பக்கத்தில் வந்ததும் நிறம், இலக்கம், குற்றம் என்று மூன்றை மட்டும் சொல்ல வேண்டும். மத்தியஸ்தர் தீர்ப்புக் கொடுத்த பிறகு லைன்ஸ்மன் வாய் திறக்கக் கூடாது. “கொடியும் விசிலும் சனத்துக்கு முன்னாலை கொழுவக் கூடாது. கொழுவினால் ரெண்டு பேரும் வீட்டை போக மாட்டியள்.” அவர் சொன்னது விளையாட்டுக்கில்லை. பனங்கொட்டையால் எறி வாங்கியவர்கள் எங்களில் இருந்தார்கள்.

இனி ஓர் ஆளைச் சொல்ல வேண்டும். ஊரின் பெயரை எழுதவில்லை. கடலோரக் கத்தோலிக்கப் பங்குகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அணியில் சூசை என்று ஒரு பின்வரிசை ஆட்டக்காரர் இருந்தார். தோணியோடு வளர்ந்த உடம்பு. எண்பத்தைந்து அளவில் அவர்களுடைய மைதானத்தில் ஓர் ஆட்டத்தை ஊதினேன். குமார் என்று ஒரு பொடியன், எதிரணியின் கரைவரிசைக்காரன், பந்தோடு சூசையைக் கடக்கப் பார்த்தான். விறகு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. நான் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். பந்தை எடுக்கப் போய்ப் பட்டதா, காலை எடுக்கவே போனாரா என்று எனக்குத் தெரியவில்லை. அட்டை காட்டாமல் எதிரணிக்கு ஒரு ஃப்ரீ கிக்கை மட்டும் கொடுத்தேன். சூசை வந்து என் தோளில் கை வைத்தார்.

“பந்துக்குத்தான் போனனான், தம்பி. நீ வடிவாப் பாத்தனியெல்லோ.”

அவர் சிரித்தார். மாஸ்ரர் பிறகு எங்கை நிண்டனீர் என்று கேட்டார், சொன்னேன். “அங்கை நிண்டு உதைப் பாக்கேலாது” என்றதோடு அவர் விட்டுவிட்டார். குமார் அதற்குப் பிறகு விளையாடவில்லை. கனடாவிலிருக்கிற தமையனின் கடிதத்தைக் கேட்டுக்கொண்டு காலை இழுத்து இழுத்து எங்கள் கந்தோருக்கு வருவான். கடிதத்தை எடுத்து நீட்டும்போதெல்லாம் சூசையின் கை என் தோளில் இருப்பது எனக்குத் தெரியும். சூசையில் உனக்குக் கோபமா என்று யாராவது கேட்டிருந்தால், இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அதை நான் கோபம் என்று நினைத்ததே இல்லை.

தொண்ணூறில் யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டை வந்தது. கடற்கரைச் சனம் எல்லாம் ஷெல்லுக்குப் பயந்து உள்ளே வந்து பள்ளிக்கூடங்களிலும் தெரிந்தவர்களின் வளவுகளிலும் இருந்தார்கள். மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை. பற்றறி வராததால் கைக்கடிகாரங்கள் நின்றன. நான் மாமனாரின் சாவி கொடுக்கிற பழைய மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு ஊதினேன். ஹெலி வந்து சுட்டால் இரண்டு அணியும் சனமும் நானும் வேலியோரத்தில் குப்புறப் படுப்போம். அது போனதும் எழும்பி, பந்து கிடந்த இடத்திலிருந்து தொடங்குவோம். இப்படி வீணான நேரத்தைக் கூட்டிக் கொடுப்பதா விடுவதா என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. மாஸ்ரரைக் கேட்டேன். அவருக்கும் விளங்கவில்லை. “சனம் வீட்டை போகவேணும், உள்ள நேரத்துக்கை முடியும்” என்றார்.

சூசையின் அணி அழியவில்லை. ஊரும் கோயிலும் கைவிட்டுப் போன நிலையில் அவர்களுக்கென்று மிச்சமிருந்தது அணியின் பெயர் ஒன்றுதான். சூசை இல்லை. கடலுக்குப் போன ஒரு நாள் அவர் திரும்பவில்லை. அவருடைய மகன் யூட் பின்வரிசையில் ஆடத் தொடங்கியிருந்தான். இருபது வயது இருக்கும், நல்ல உயரம். அவனுக்குப் பக்கத்தில் ரெஜி என்று இன்னொருவன், அவனும் நெட்டை.

தொண்ணூற்றைந்தின் தொடக்கத்தில் சண்டை நின்று பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. சனம் மூச்சு விட்ட மாதங்கள் அவை. ஒரு சுற்றுப் போட்டி வைத்தார்கள். இறுதியாட்டத்துக்குச் சூசையின் ஊர் அணி வந்தது. எதிரே வலிகாமத்து அணி ஒன்று. இந்த ஆட்டத்தைப் பார்த்து யாழ்ப்பாணத்துக்கு ஓர் அணி தெரிவு செய்து கொழும்புக்கு அனுப்பப் போகிறார்கள் என்றும், அங்கே நன்றாக ஆடினால் கழகங்கள் வேலையோடு எடுக்கும் என்றும் கதை. பின்வரிசைக்கு ஓர் இடம்தான். அது யூட்டுக்கா ரெஜிக்கா என்பதுதான் பாக்கி. தகப்பனும் இல்லை, கடலும் இல்லை, தாயும் தங்கச்சிமாரும் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருக்கிறார்கள். யூட்டுக்கு அந்த இடம் எதற்கு வேண்டும் என்று ஒருவரும் விளக்கத் தேவையில்லை.

மாஸ்ரர் என்னைக் கூப்பிட்டார். “அங்கை உமக்கு ஆரும் இருக்கினமோ?”

“ஒருத்தருமில்லை, மாஸ்ரர்.”

அது பொய்யில்லை. இரண்டு ஊரிலும் எனக்கு உறவில்லை, கோயிலில்லை, சம்பந்தமில்லை.

அன்று சூசையின் ஊர் அணி போட்டு வந்தது வேறொரு பங்கில் கொடுத்த நீலச் சேட்டுகள். முதுகில் இலக்கம் இல்லை. இலக்கமில்லாமல் தொடங்கக் கூடாது என்பது முறை. நான் வேப்பமரத்தின் கீழ் தெரிவாளர்களோடு இருந்த மாஸ்ரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எழும்பி வந்து சேட்டுகளைப் பார்த்தார். இருக்கிற வீட்டையே விட்டுவிட்டு வந்த பொடியன்களிடம் இலக்கத்தைக் கேட்க அவருக்கும் மனம் வரவில்லை. “சனம் வந்திட்டுது. தொடங்கும்” என்றார். அவர் தன் முறையை மீறியதை அன்றுதான் கண்டேன்.

அந்தப் பக்கத்துக் கோட்டில் லைன்ஸ்மன் யோகன். தொண்டைமானாற்று ஆள், கூட்டுறவுக் கடையில் வேலை. எனக்கு இளையவன், பொறுப்பானவன். இடைவேளையில் தோடம்பழம் தின்றுகொண்டு நின்றபோது அவன் சொன்னான், நீலத்தின் பின்வரிசையில் ஒருத்தன் முழங்கையைத் தூக்குகிறான், கவனியுங்கோ என்று. நான் ஓம் என்று தலையாட்டினேன். யார் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

கோல் இல்லாமலே ஆட்டம் கடைசிப் பத்து நிமிடத்துக்கு வந்தது. வலிகாமத்துக்குக் கிடைத்த கோர்னர் உதையை நீலம் தலையால் அடித்து வெளியேற்றியது. பந்து நடுக்கோட்டைத் தாண்டியது, நானும் திரும்பிப் பந்தோடு ஓடினேன். பின்னால் சனம் கத்தியது. திரும்பினால் யோகனின் கொடி ஆடிக்கொண்டிருக்கிறது. தண்டனை எல்லைக்குள் வசந்தன் என்கிற வலிகாமத்து முன்வரிசைக்காரன் வாயைப் பொத்திக்கொண்டு கிடக்கிறான், விரலிடுக்கால் இரத்தம். விசிலை ஊதிவிட்டு யோகனிடம் ஓடினேன். யூட் எனக்குப் பின்னாலேயே ஓடி வந்தான், ஒண்டும் நடக்கேல்லை அண்ணை, ஒண்டும் நடக்கேல்லை என்று சொல்லிக்கொண்டு. ரெஜி விழுந்து கிடந்தவனுக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

யோகன் நிறம் சொன்னான். “நீலம்.” அடுத்தது இலக்கம் சொல்ல வேண்டும். இலக்கம் இல்லை. பெயர் அவனுக்குத் தெரியாது. விரல் நீட்டக் கூடாது. கொஞ்சம் தடுமாறினான்.

“உவன்தான் அண்ணை. உவன்ரை முழங்கை.”

வெளியூர்க்காரர்கள் வாசித்தால் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எங்களிடம் இவன், அவன் என்ற இரண்டுக்கும் நடுவே உவன் என்று ஒருவன் இருக்கிறான். சொல்கிறவனுக்குப் பக்கத்தில் நின்றால் இவன். தூரத்தில் நின்றால் அவன். கேட்கிறவனுக்குப் பக்கத்தில் நின்றால் உவன். இவ்வளவோடு நின்றிருந்தால் நல்லது. கிட்டவும் இல்லாமல் தூரத்திலும் இல்லாமல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்றாலும் அவன் உவன்தான். சற்று முன் நாங்கள் கதைத்த ஆளென்றாலும் உவன்தான். போதாக்குறைக்கு, ஆளைப் பிடிக்காவிட்டால் எங்கே நின்றாலும் உவன்தான். தாய்ப்பாலோடு குடித்த சொல், ஒருநாளும் குழம்பியதில்லை. அன்றைக்கு மட்டும்தான்.

எனக்குப் பக்கத்தில் நின்றவன் யூட். திரும்பிய கணத்தில் நான் கண்டது அகன்ற தோளும், நடக்கேல்லை நடக்கேல்லை என்கிற வாயும். சிவப்பு அட்டையைத் தூக்கினேன். யூட் என்னைப் பார்க்கவில்லை. யோகனைப் பார்த்தான். யோகன் கொடியைக் கீழே விட்டான், வாய் திறக்கவில்லை. முறை அதுதானே. தண்டனை உதையில் கோல் விழுந்தது. அதோடு ஆட்டமும் முடிந்தது. நீலச் சேட்டுக்காரர்களின் பெண்கள் கோட்டோரத்தில் இருந்து அழுத சத்தம் சைக்கிளில் வீட்டுக்கு வரும்வரை காதில் இருந்தது.

ஆளை அடித்ததற்காக வெளியேற்றப்பட்டவனுக்கு ஒரு வருடத் தடை என்பது அப்போதைய விதி. யூட் அடிக்கவில்லை என்று அவனுடைய அணி முறையிட்டது. மாஸ்ரர் தன் வீட்டிலேயே விசாரணை வைத்தார். இரண்டு அணியின் பொறுப்பாளர்களும் இருந்தார்கள். மாஸ்ரர் என்னைப் பார்த்து, “நீர் எங்கை நிண்டனீர்?” என்றார்.

“நடுக்கோட்டுக்குப் பக்கத்திலை. முதுகு அந்தப் பக்கம்.”

பத்து வருடத்துக்கு முந்திய அதே பதிலைச் சொல்கிறேன் என்பது சொல்லும்போதுதான் தெரிந்தது. மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு யோகனைக் கேட்டார், நீர் ஆரைச் சொன்னனீர் என்று. யோகன் என்னைப் பார்த்தான், சுற்றி இருந்தவர்களைப் பார்த்தான். “றெபறி எடுத்த முடிவுக்கு நான் மாறில்லை, மாஸ்ரர்” என்றான். கேட்ட கேள்விக்கு அது பதிலில்லை. மாஸ்ரருக்கு அது விளங்கியது, எனக்கு விளங்கவில்லை. இன்னொரு நாள் தனித்தனியே கேட்கிறேன் என்று அவர் ஒத்திவைத்தார்.

அந்த இன்னொரு நாள் வரவில்லை. அணி கிளாலிக் கடலால் வள்ளத்தில் கொழும்புக்குப் போனது. யூட்டின் இடத்தில் ரெஜி போனான், அங்கேயே ஒரு கழகம் அவனை எடுத்து வேலையும் கொடுத்தது. சித்திரையில் சண்டை திரும்பத் தொடங்கியது. ஐப்பசி கடைசியில் இராணுவம் கிட்ட வர, ஊர் முழுக்க ஒரே இரவில் ஒற்றைப் பாலத்தால் வெளிக்கிட்டோம். அந்தப் பாலத்தையும் மழையையும் எழுதியவர்கள் பலர் இருக்கிறார்கள், நான் எழுதவில்லை.

கொடிகாமத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அரை வகுப்பறை கிடைத்தது. கிணற்றடியில் வாளியோடு வரிசையில் நின்றபோது யோகனைக் கண்டேன். சேட்டும் சாரமும் சேறு. சுகம் விசாரித்து முடித்தும் அவன் போகவில்லை.

“அண்ணை, ஒண்டு சொல்லவேணும். நான் உவன் எண்டது உங்களுக்குப் பின்னாலை நிண்டவனை இல்லை.”

“அப்ப ஆரை?”

“இடைவேளையிலை சொன்னனெல்லோ, அவனை. மற்ற நெட்டையனை.”

“நீ ஆரெண்டு சொல்லேல்லையே.”

“நீங்கள் கேக்கேல்லையே. தலையாட்டினியள். விளங்கிட்டுதெண்டு நினைச்சன்.”

எனக்கு வந்த கோபத்தில் நியாயம் இல்லை. கிட்ட நிற்கிறவனைத்தானே உவன் என்கிறது, உங்கடை தொண்டைமானாற்றிலை வேறை தமிழோ என்று கேட்டேன். அவனும் விடவில்லை. முதலே கதைத்த ஆளை உவன் என்னாமல் எவன் என்கிறது என்றான். வரிசையில் நின்றவர்களை வைத்தே இரண்டு பேரும் பரீட்சித்துப் பார்த்தோம். அந்தச் சிவப்புச் சாரக்காரர் உவரா அவரா, வாளி வைத்திருக்கிறவர் உனக்கு உவரா எனக்கு உவரா. வீடு வாசல் விட்டு வந்த சனத்துக்கு நடுவே இரண்டு வளர்ந்த ஆட்கள் இப்படி நின்று வாதாடினோம். பின்னால் நின்ற ஒரு பெண், வாளியைத் தந்துபோட்டு உவனையும் அவனையும் தேடுங்கோ என்று வாளியைப் பிடுங்கிக்கொண்டு முன்னே போனாள்.

அன்று இரவு வகுப்பறைச் சீமெந்தில் படுத்துக்கொண்டு நான் கண்ட முடிவு ஒன்றுதான். அடித்தவன் ரெஜி. அவன் கொழும்பில் வேலையில் இருக்கிறான். அடிக்காத யூட்டின் ஒரே வழியை நான் அடைத்துவிட்டேன். மாஸ்ரரைத் தேடினேன். அவர் வன்னிக்குப் போய் அங்கே காய்ச்சலில் இறந்துபோனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். யூட்டைத் தேடினேன். அவனும் வன்னியால் போய், எப்படியோ பிரான்சுக்குப் போய்விட்டான் என்றார்கள். ஊருக்குத் திரும்பி வந்து இன்னும் சில வருடங்கள் ஊதினேன். முதுகுக்குப் பின்னால் நடந்த எதற்கும் நான் அட்டை தூக்கவில்லை. அதனால் எத்தனை பேர் தப்பினார்கள் என்பது வேறு கதை.

இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பங்கின் திருவிழாவையொட்டி ஓர் ஆட்டம் வைத்தார்கள், பழைய ஆட்களையும் கூப்பிட்டிருந்தார்கள். கதிரையில் இருந்தபோது பருத்த ஒரு மனிதர் வந்து பக்கத்தில் இருந்தார். என்னைத் தெரியுதோ அண்ணை என்றார். குரலில்தான் பிடித்தேன். யூட். பாரிஸில் ஒரு சமையலறையில் வேலையாம், இரண்டு பெண் பிள்ளைகளாம். நான் எத்தனையோ வருடமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொல்லத் தொடங்கினேன். யோகன் சொன்னது உன்னை இல்லை, ரெஜியை, எனக்குப் பிறகுதான் தெரிந்தது, என்று. அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அது எனக்கு அப்பவே தெரியும் அண்ணை. அவர் ரெஜியைப் பாத்துக்கொண்டுதான் சொன்னவர். நான் உங்களுக்குப் பின்னாலை நிண்டு அவரின்ரை கண்ணைப் பாத்தனான்.”

“அப்ப நான் செய்தது பிழை.”

“இல்லை. அடிச்சது நான்தான்.”

மைதானத்தில் யாரோ கோல் அடித்திருக்க வேண்டும், கோல் விழுந்தால் அந்த ஊரில் அடிக்கிற கோயில் மணி அடித்தது. அவர் கோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கோர்னர் உதைக்காகக் காத்து நின்றபோது வசந்தன் காதருகே வந்து கேட்டானாம், அகதியளுக்குக் கப் எதுக்கடா, கொண்டுபோய் வைக்க வீடு இருக்கோ என்று. முழங்கை போனது தனக்கே தெரியாது என்றார். அதே வருடம் ஐப்பசியில் வசந்தனும் கோணிப்பையோடு பாலம் கடந்தான். ரெஜி பார்த்தவனாம். ஆனால் விசாரணைக்கு முன்னும் பின்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிநேகிதத்தாலா, கொழும்பு இடத்தாலா என்று தனக்கு இன்றுவரை தெரியாது என்றார்.

யோகன் பார்த்தது முழங்கை தூக்குகிற வழக்கமுள்ள ரெஜியை. அதனால் அடித்தவனும் ரெஜிதான் என்று அவன் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. நான் ஒன்றையும் பார்க்கவில்லை. அவன் சொன்னதைப் பிழையாக விளங்கினேன். இரண்டு பிழையும் சேர்ந்து தீர்ப்புச் சரி. இத்தனை வருடம் நான் பட்ட வேதனைக்கு யாரிடம் கணக்குக் கேட்பது? மாஸ்ரர் இருந்திருந்தால் குருட்டுவாக்கு என்று சொல்லி முடித்திருப்பார். இது அப்படி முடிகிற மாதிரி எனக்குத் தெரியவில்லை.

“ஒண்டுதான் எனக்கு விளங்கேல்லை அண்ணை,” என்றார் யூட். “நீங்கள் பாக்கேல்லை. அவர் என்னைச் சொல்லேல்லை. திரும்பினியள், ஒரு கணம் என்ரை முகத்தைப் பாத்தியள், அட்டையைத் தூக்கினியள். என்னெண்டு?”

“கிட்ட நிண்டது நீ.”

“அதுக்காகவோ?”

நான் ஆட்டத்தின் பக்கம் திரும்பினேன். அவர் விடவில்லை.

“அப்பா சொல்லுறவர், அந்தக் கந்தோர்க்காரன் என்னை மறக்கமாட்டான் எண்டு. அப்பாவைக் கண்ட மாதிரி இருந்ததோ?”

அந்தத் தோள், அந்த வாய், தோளில் வைத்த கை. வேறு எவரும் கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பேன்.

“ஓம்,” என்றேன். “அப்பிடியே அவரை உரிச்சு வைச்ச மாதிரி.”

யூட் என்னைத் திரும்பி நன்றாகப் பார்த்தார். கோபம் இல்லை. எனக்காக இரங்குகிற பார்வை என்றும் சொல்ல முடியாது.

“புதினமாயிருக்கு அண்ணை,” என்றார். “பிறந்த நாளிலையிருந்து எல்லாரும் நான் அச்சொட்டா அம்மா எண்டுதான் சொல்லுறவை.”